பழைய செல்ஃப்பைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இன்னமும் அம்பாசடர், பத்மினி, மாருதி 800, ஆம்னி, பழைய ஜீப் என்று வைத்து ஓட்டிக்கொண்டிருக்கும் அன்பர்களுக்கு,



மார்கழிப் பனி தொடங்கிவிட்டால் நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் ஒரே வசனம்தான் காதில் விழும். "அண்ணே, செல்ஃப் போயிடுச்சு. புதுசா ஒண்ணு போட்டு விட்டுடுங்க." பானெட்டைத் திறக்கும் முன்பே வண்டிக்காரர் தீர்ப்பு எழுதிவிடுகிறார். எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்? வாசலில் இன்னும் நான்கு வண்டி நிற்கிறது. கழற்றுகிறார், புதியதை மாட்டுகிறார், பழையதற்கு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு அதை மூலையில் போடுகிறார். அந்த மூலையைப் பற்றித்தான் இந்த மடல். அங்கே கிடப்பவை எல்லாம் செத்த மோட்டார்கள் அல்ல. சிலவற்றின் உயிர் இரண்டு கார்பன் பிரஷ்ஷில் இருக்கிறது. இன்னும் சில, எந்தக் குற்றமும் செய்யாமல் அங்கே போனவை.

பழைய வண்டி வைத்திருப்பது இப்போது சும்மா இல்லை. 15 வருடம் கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த மத்திய அரசுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 2025இல் 20 வருடம் தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. இத்தனையும் கட்டி வண்டியைச் சாலையில் வைத்திருக்கும் நாம், பெட்டியில் பெயர் தெரியாத கம்பெனியின் மோட்டாருக்கும் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்பதே என் வாதம்.

முதலில் மோட்டார் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். நம் பகுதிக்கென்று இரண்டு வில்லன்கள் உண்டு. ஒன்று உப்புக்காற்று. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் உப்பளம் கண்ணில் படுவதற்கு முன்பே காற்றில் அதன் வேலை தொடங்கிவிடும். கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டிகளில் பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும், அதையாவது துடைக்கிறோம். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. செல்ஃப் அடிக்கும்போது அந்தப் பட்டை வழியாக நூறு ஆம்பியருக்கு மேல் திரும்ப வேண்டும். பின்னல் கம்பி அரித்துப் பாதியாகிவிட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். சோக் கம்பி, ஆக்சிலரேட்டர் கம்பி எது கிடைத்தாலும் அதில் நுழையும். செல்ஃப் அடித்த பிறகு சோக் கம்பியைத் தொட்டால் சுடுகிறதா? அப்படியானால் உங்கள் மோட்டார் நிரபராதி.

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். இரவு முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியில் 12.6 வோல்ட் அளவு இருக்க வேண்டும். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், நீங்கள் மீட்டரைப் பாருங்கள். 9.6க்குக் கீழே சரிந்தால் பேட்டரி சோப்ளாங்கி, அல்லது மோட்டார் உள்ளே எங்கோ உரசிக்கொண்டு அளவுக்கு மீறி இழுக்கிறது. மாறாக 12க்குக் குறையாமல் நின்றுகொண்டு மோட்டாரும் சுற்றவில்லை என்றால், மின்சாரம் மோட்டாருக்குள் போகவே இல்லை: சொலினாய்டு, ஒயர், அல்லது தேய்ந்து கட்டையான பிரஷ். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட் காட்டினால் எர்த் பட்டையை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இரண்டாவது வில்லன் வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தென்பெண்ணை பெருகி அரசூர்ப் பக்கம் திருச்சி நெடுஞ்சாலையிலேயே தண்ணீர் ஓடியது. செல்ஃப் மோட்டார் இன்ஜினின் கீழ்ப்பகுதியில், ஃப்ளைவீலை ஒட்டி உட்கார்ந்திருக்கும் பொருள். முழங்கால் தண்ணீர் வந்தாலே அது குளித்துவிடும். தண்ணீர் வடிந்த மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம். வண்டல் புஷ்ஷுக்குள் போய் அரைக்கும், பிரஷ் ஸ்பிரிங் துருப்பிடிக்கும், பினியன் ஏறி இறங்கும் பெண்டிக்ஸ் திருகில் சேறு காய்ந்து இறுகும். கோளாறு சில வாரம் கழித்து, நீங்கள் வெள்ளத்தை மறந்த பிறகு தலைகாட்டும். அதனால் நனைந்த மோட்டாரை உடனே பிரித்துக் கழுவிக் காயவைப்பதுதான் மலிவு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் நின்ற வண்டியில் செல்ஃப் அடித்து மோட்டார் 'டக்' என்று நின்றால் மறுபடி அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கலாம். தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்ற வையுங்கள்.

சரி, சோதித்தாயிற்று, மோட்டார்தான் குற்றவாளி. இப்போது உங்கள் பானெட்டுக்குள் இருப்பது எது என்ற கேள்வி. சிரிக்காதீர்கள். அம்பாசடரில் மட்டும் 1489 சிசி பி.எம்.சி. பெட்ரோல், அதே அளவு டீசல், பிறகு வந்த இசுசு இன்ஜின்கள் என்று பல உண்டு. அதோடு டாக்சியாக ஓடிய வண்டிகளில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு எங்கிருந்தோ கிடைத்த டீசல் இன்ஜினை ஏற்றியது ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்க நடந்த வேலை. பத்மினிகூடத் தப்பவில்லை. எனவே ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி 'இந்த வருஷ வண்டிக்கு செல்ஃப் கொடுங்க' என்று கேட்பதில் அர்த்தமில்லை. வருடமும் மாடலும் உங்களுக்கு உதவாது. கழற்றிய மோட்டார்தான் உதவும். அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கவுன்டரில் புதியதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்துங்கள். பினியனில் எத்தனை பல் என்று இரண்டிலும் எண்ணுங்கள். ஒரு பல் வித்தியாசம் இருந்தாலும் அது உங்கள் வண்டிக்கு இல்லை. எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் பல்லின் தடிமன் வேறாக இருக்கலாம். பழைய பினியனைப் புதியதோடு பல்லுக்குப் பல் கோத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். போல்ட் ஓட்டை இரண்டா மூன்றா, அவற்றின் இடைவெளி என்ன, மூக்கு எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் சுற்றுகிறது, 12 வோல்ட்டா 24 வோல்ட்டா. எல்லாம் சரியாக இருந்து மூக்கு மட்டும் சில மில்லிமீட்டர் குட்டை என்றால் பினியன் பாதிப் பல்லில் கடிக்கும். மூன்று மாதத்தில் ரிங் கியரைத் தின்றுவிடும். வாஷர் வைத்துச் சரிசெய்துவிடலாம் என்று கடைக்காரர் சொன்னால் வணக்கம் போட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

பழைய அம்பாசடர் பெட்ரோல் வண்டிக்காரர்களிடம் தனியாகப் பேச வேண்டும். உங்களில் பலரிடம் இருப்பது இனர்ஷியா வகை லூகாஸ் மோட்டார். இதன் முதுகில் சொலினாய்டு இருக்காது; ஸ்விட்ச் தனியே பாடியில் இருக்கும். மோட்டார் சட்டென்று வேகமெடுக்கும்போது பினியன் தன் எடையால் பின்தங்கி, திருகு மரையில் ஏறிப் போய் ரிங் கியரில் விழுகிறது. இன்ஜின் பிடித்ததும் ரிங் கியரே அதை உதைத்துத் தள்ளிவிடுகிறது. அமெரிக்காவில் வின்சென்ட் பெண்டிக்ஸ் என்பவர் பிரபலமாக்கிய ஏற்பாடு. அவர் பெயரைத்தான் நம் ஊர் மெக்கானிக்குகள் இன்றும் அந்தப் பாகத்துக்குச் சொல்கிறார்கள். இந்த வகை மோட்டார் 'விர்ர்' என்று சும்மா சுற்றி, இன்ஜினைப் பிடிக்கவில்லை என்றால் உடனே மாற்ற வேண்டியதில்லை. திருகில் யாரோ புண்ணியவான் கிரீஸ் அப்பியிருப்பார். கிரீஸில் கிளட்ச் தூசி ஒட்டிப் பிசினாகிவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, உலர்ந்தபடியே விட்டால் போதும். எண்ணெய்கூட வேண்டாம்.

பினியன் ரிங் கியரில் மாட்டிக்கொண்டு செல்ஃப் அடித்தால் விளக்கு மட்டும் மங்குகிறதா? சாவியை அணைத்துவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் விடுபடும். மோட்டாரின் பின்முனையில் சின்ன மூடிக்குள் சதுரமான தண்டு நுனி இருக்கும். அதில் ஸ்பேனர் போட்டும் திருப்பலாம். இந்த வசதியை எந்தப் புது மோட்டாரும் உங்களுக்குத் தராது.

இந்த லூகாஸ் மோட்டாரில் எல்லாவற்றையும் பிரித்துப் புதுப்பிக்கலாம் என்பதே அதன் பெருமை. பிரஷ், புஷ், ஸ்பிரிங் மூன்றும் மாற்றினால் பெரும்பாலும் பழைய வேகம் வந்துவிடும். வேலை கொடுக்கும்போது மூன்று விஷயம் மட்டும் எலக்ட்ரீஷியனிடம் பணிவாகக் கேளுங்கள். டைனமோ பிரஷ்ஷைத் தேய்த்துப் போடாமல் செல்ஃப்புக்கென்று வரும், செம்பு கலந்த பிரஷ்ஷையே போட வேண்டும். வெண்கலப் புஷ்ஷை அடிக்கும் முன் ஒரு நாள் முழுக்க இன்ஜின் ஆயிலில் ஊற வைக்க வேண்டும். கம்யூட்டேட்டரை லேத்தில் பிடித்துச் சமன் செய்யலாம். ஆனால் டைனமோவில் செய்வதுபோல் இடையில் இருக்கும் மைக்காவை அண்டர்கட் செய்யக் கூடாது. பழைய லூகாஸ் செல்ஃப்புக்கு அது கூடாது என்பது அந்தக் காலத்துப் பட்டறைக் கையேடுகளில் உள்ள விதி. டைனமோவும் செல்ஃப்பும் ஒரே மேஜையில் பிரிக்கப்படுவதால் கை பழக்கத்தில் நடந்துவிடும் தவறு இது. ஆர்மேச்சரே எரிந்திருந்தால் ரீவைண்டிங் பக்கம் போக வேண்டாம் என்பேன். தடிமனான செம்புப் பட்டை அது, கையால் சுற்றியது பழையபடி நிற்பது அபூர்வம். ஆர்மேச்சரை மட்டும் வேறு மோட்டாரிலிருந்து எடுத்துப் போடலாம்; இதற்காகத்தான் சென்னையில் புதுப்பேட்டைப் பழைய பாகச் சந்தை இருக்கிறது.

லூகாஸ் என்றாலே இங்கிலாந்தில் ஒரு கேலி உண்டு. அதன் நிறுவனர் ஜோசப் லூகாஸுக்கு 'இருட்டின் இளவரசர்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள், அந்த ஊர் வண்டிகளின் விளக்கு பாதி வழியில் அணைவதற்காக. நம் அனுபவம் அப்படி இல்லை. 1961இல் லூகாஸும் டிவிஎஸ்ஸும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, சென்னை பாடியில் ஒரு பேருந்து நிறுத்தத்துக்கே 'லூகாஸ்' என்று பெயர் வரும் அளவுக்கு வளர்ந்தது. புதுச்சேரியிலும் அவர்களுக்கு ஆலை இருக்கிறது. ஜிஎஸ்டி சாலையில் மறைமலை நகர் பக்கம் காம்ஸ்டார் ஆலையில் செய்யும் செல்ஃப் மோட்டார்கள் வெளிநாட்டுக் கார்களுக்கே போகின்றன. யோசித்துப் பாருங்கள்: நமக்குக் கிழக்கேயும் செல்ஃப் செய்கிறார்கள், வடக்கேயும் செய்கிறார்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் நாம் முகவரி இல்லாத அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

மாருதி 800, ஆம்னி வைத்திருப்பவர்களுக்குக் கவலை குறைவு. 1983 டிசம்பரில் வந்து 2014 தொடக்கத்தில் நின்ற 800இன் 796 சிசி இன்ஜினுக்கு நல்ல கம்பெனி மோட்டார் இன்றும் கிடைக்கிறது. புஷ்ஷும் பிரஷ்ஷும் மாற்றியும் சரிவராவிட்டால் தயங்காமல் புதியதே வாங்குங்கள். ஆனால் ஒரு கெட்ட பழக்கத்தை விட வேண்டும். செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் வீல் ஸ்பேனரால் மோட்டார் தலையில் இரண்டு தட்டு தட்டுகிறோம். ஃபீல்டு காயில் வைத்த பழைய மோட்டார் அதைப் பொறுத்துக்கொள்ளும். சிக்கிய பிரஷ் விடுபட்டு ஓடவும் ஓடும். இப்போது வரும் பலவற்றில் காயிலுக்குப் பதில் நிரந்தரக் காந்தம் ஒட்டியிருக்கிறது. தட்டினால் காந்தம் விரிசல் விட்டு ஆர்மேச்சரில் சிக்கும். வாங்கும்போதே 'காந்தமா, காயிலா' என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் வழி வண்டியில் இன்னும் பாசிட்டிவ் எர்த் வைத்திருக்கும் ஓரிருவருக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். காயில் மோட்டார் பேட்டரியை எப்படி மாட்டினாலும் ஒரே திசையில் சுற்றும். காந்த மோட்டார் தலைகீழாகச் சுற்றும்.

டீசல்காரர்களுக்கு என் யோசனை வேறு. பெட்ரோல் இன்ஜின் காற்றை எட்டு மடங்கு அளவுக்கு அழுத்துகிறது என்றால், நம் பழைய டீசல்கள் 20 மடங்குக்கு மேல் அழுத்துபவை. அதைச் சுற்ற ஏறக்குறைய 2 கிலோவாட் அளவு மோட்டார் வேண்டும். சிறிய பெட்ரோல் காருக்கு 1 கிலோவாட்டுக்குள் முடிந்துவிடும். இங்கே பழசுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். உங்கள் இன்ஜினுக்கு அச்சாகப் பொருந்தும் கியர் ரிடக்‌ஷன் வகை கிடைத்தால் அதை வாங்குங்கள். சிறிய மோட்டார் மிக வேகமாகச் சுற்றி, உள்ளே இருக்கும் பல்சக்கரம் அந்த வேகத்தை விசையாக மாற்றித் தருகிறது. இழுக்கும் மின்சாரம் குறைவு, எடை குறைவு, வயதான பேட்டரிக்கும் ஆறுதல். சத்தம் மட்டும் வேறு மாதிரி, கொஞ்சம் கீச்சென்று இருக்கும். ஆனால் அதற்கு முன் ஹீட்டர் பிளக்குகளைச் சோதியுங்கள். நான்கில் இரண்டு போயிருந்தால் காலையில் அரை நிமிடம் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். எந்த செல்ஃப்பும் அதைத் தாங்காது. பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், இடையில் அரை நிமிடமாவது விடுங்கள்.

எதைப் போட்டாலும், மோட்டார் கழன்றிருக்கும்போதே டார்ச் அடித்து ரிங் கியரைப் பாருங்கள். கை போட்டு இன்ஜினைச் சுற்றி முழு வட்டமும் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது ஏறக்குறைய இரண்டே இடங்களில்தான் வந்து நிற்கும்; அதனால் தேய்மானமும் எதிரெதிரான அந்த இரண்டு இடங்களில்தான். மூன்று சிலிண்டர் மாருதியில் மூன்று இடம். 'சில நாள் எடுக்குது, சில நாள் கரகரங்குது' என்ற புகாருக்கு இதுவே காரணம். புதிய பினியனை மொக்கைப் பல்லில் மோத விட்டால் அதுவும் மொக்கையாகும். ரிங் கியரைச் சூடுபடுத்திக் கழற்றி, கால் வட்டம் திருப்பி மறுபடி இறுக்கும் கைவேலை தெரிந்தவர்கள் லேத் பட்டறைகளில் இருக்கிறார்கள். கியர்பாக்ஸ் இறக்க வேண்டிய வேலை என்பதால், கிளட்ச் மாற்றும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் கூலி மிச்சம்.

கடையில் தரையில் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு பேட்டரி கொடுத்துச் சுற்றிக் காட்டுவார்கள். பார்க்க ஜோராக இருக்கும். சுமை இல்லாமல் எந்த மோட்டாரும் சுற்றும். வண்டியில் மாட்டி, இன்ஜின் சூடான பிறகு அணைத்து, உடனே மறுபடி அடித்துப் பாருங்கள். உரசும் புஷ்ஷும் உள்ளே பலவீனமான காயிலும் அப்போதுதான் அகப்படும். முடிந்தால் கிளாம்ப் மீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் போய் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அதே சோதனை செய்யும்போது அந்த எண் கைகொடுக்கும்.

இத்தனைக்கும் பிறகு பழைய மோட்டாரை என்ன செய்வது? கழிக்கிறேன் என்று கடைக்காரர் சொல்லும் தொகை உள்ளே இருக்கும் செம்பின் எடைக்குத்தான். புதியது உங்கள் வண்டியில் ஒரு மழைக்காலத்தையாவது கடக்கும் வரை அதைக் கொடுக்காதீர்கள். பல் எண்ணிக்கை, சுற்றும் திசை, எந்த வண்டியிலிருந்து எப்போது கழற்றியது என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டி, பரணில் போட்டு வையுங்கள். அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் உத்தர்பாராவில் நின்றுவிட்டது. இனர்ஷியா மோட்டார் அதற்கும் வெகு முன்பே போய்விட்டது. புதிதாக யாரும் செய்யப்போவதில்லை.

அதனால் உங்களில் யாராவது வண்டியையே விற்றுவிட்டு, மோட்டார் மட்டும் வீட்டில் தங்கிப்போயிருந்தால், காயலாங்கடையில் எடைக்குப் போடும் முன் பக்கத்து ஊர்க்காரர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். விழுப்புரத்தில் கிடப்பது திண்டிவனத்துக்காரருக்கு வேண்டியிருக்கும். நடுவில் ஒரு விக்கிரவாண்டி சுங்கச்சாவடிதான்.

அன்புடன்,
விழுப்புரத்து அம்பாசடர்க்காரன் ஒருவன்